எண்ணுவது ஓரெல்லை; ஈவது வேறெல்லை

(திருக்கோகர்ணத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியையும் வரலாற்றையும் பற்றிக் கேட்கும் ஆவலோடு வந்திருக்கும் உங்கள்முன் இன்று எண்களைப் பற்றிப் பேசவிருக்கின்றேன். எண் என்றவுடன் முகஞ்சுளிக்க வேண்டா. உங்கள் தெருவிற்குக் குடிநீர்க் குழாய் வருமா, உங்கள் சிற்றூருக்குத் தார்ச்சாலை வருமா என்பதைத் தீர்க்கின்ற கணக்கு இது. அரசு மக்களை ஓர் எல்லைக்குள் வைத்து எண்ணுகின்றது. எண்ணி முடித்தபின் வேறோர் எல்லைக்குள் வைத்துப் பணத்தைப் பகிர்கின்றது. இவ்விரண்டு எல்லைகட்கும் இடையே எண்களை மாற்றிக் கொண்டு போகும் வேலை ஒன்று நடக்கின்றது. அவ்வேலையை யார் செய்கின்றனர், எம்முறையில் செய்கின்றனர், அதனால் யார் விடுபட்டுப் போகின்றனர் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பொருளை உண்டாக்கல், தொகுத்தல், காத்தல், பகுத்துக் கொடுத்தல் என அரசின் பொருட்பணியை நான்காக வகுத்தவர் திருவள்ளுவப் பெருந்தகை. முதல் மூன்றையும் பற்றி நாட்டில் நாள்தோறும் வழக்காடுகின்றோம். நான்காவதாகிய பகுத்தல் எவ்வாறு நடக்கின்றது என்று கேட்பார் மிகச் சிலரே.

அம்மன் காசு கற்பிக்கும் பாடம்

இவ்வூர் அம்மனை மக்கள் அரைக்காசம்மன் என்று அழைப்பதை அறிவீர்கள். புதுக்கோட்டை அரசு தனக்கென அடித்து வழங்கிய சிறு செப்புக்காசில் இவ்வம்மன் உருவமே பொறிக்கப்பட்டது. அதற்கு அம்மன் காசு என்று பெயர். இருபது அம்மன் காசு கொண்டது ஓரணா. வெளிச்சீமையில் ஓரணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆகவே இருவகைக் காசும் புழங்கிய சந்தையில், கீரை விற்கும் மூதாட்டியும் மனக்கணக்காகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள முடிந்தது. மாற்று வீதம் ஊரறிந்ததாக இருந்தமையால் அவளை ஏமாற்றுவது எளிதாக இல்லை.

மக்கள் தொகைக் கணக்கையும் இவ்வாறே ஓரலகிலிருந்து மற்றோரலகிற்கு மாற்ற வேண்டியிருக்கின்றது. ஆனால் அங்கே ஊரறிந்த மாற்று வீதம் ஒன்றுமில்லை. வீதத்தை அலுவலகத்து மேசையொன்றில் யாரோ முடிவு செய்கின்றார். முடிவு மட்டும் நம்மை வந்தடைகின்றது.

எண்ணும் எல்லைகள்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நம் முன்னோர் குடிமதிப்பு என்றனர். அச்சொல்லையே நானும் ஆளுகின்றேன். குடிமதிப்பின்போது நாடு முழுவதும் சிறுசிறு கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ எழுநூறு எண்ணூறு பேர் வாழும் பகுதி ஒன்றுக்கு ஒரு கணக்கெடுப்பாளர் என்பது பொதுவான அளவு. இப்பகுதிகளைக் கூட்டினால் சிற்றூர். நகரமாயின் நகர்க்கூறு, அதாவது நாம் வார்டு என்று வழங்குவது. சிற்றூர்களைக் கூட்டினால் வட்டம். வட்டங்களைக் கூட்டினால் மாவட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். குடிமதிப்பு ஏடுகளில் சிற்றூர் என்று எழுதப்பட்டிருப்பது வருவாய்த்துறை வகுத்த ஊர். நிலவரி தண்டுவதற்காக வரையப்பட்ட எல்லை அது. நாம் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி வேறு. நாம் உண்மையில் வீடு கட்டி வாழ்கின்ற குடியிருப்பு இன்னும் வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டுக்கு முன் வருவாய் ஊர்கள் 763, ஊராட்சிகள் 497, ஊராட்சி ஒன்றியங்கள் 13. எழுநூற்றறுபத்து மூன்று துண்டுகளாக எண்ணப்பட்ட மக்களை நானூற்றுத் தொண்ணூற்றேழு துண்டுகளாக மாற்றித்தான் ஊராட்சிக்குரிய பணத்தைப் பகிர முடிந்தது. இரண்டு மூன்று வருவாய் ஊர்கள் முழுமையாகச் சேர்ந்து ஓர் ஊராட்சி ஆகுமிடத்தில் தொல்லையில்லை, கூட்டினாற் போதும். ஒரு வருவாய் ஊரை இரண்டு ஊராட்சிகள் பங்கிட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேதான் வழக்குத் தொடங்குகின்றது.

நாம் நிற்கும் இத்திருக்கோகர்ணத்தையே கேட்போம். குடைவரைக் கோயிலாலும் கல்வெட்டுகளாலும் பெயர்பெற்ற தொல்லூர் இது. மாவட்டத்தின் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கின்றது. இவ்வூரின் மக்கள் தொகை எவ்வளவு? புதுக்கோட்டை நகரத்தின் தொகை 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 1,17,630 என்று கிடைக்கும். அதற்குள் அடங்கிய திருக்கோகர்ணமோ வார்டு எண்களுக்குள் கரைந்து கிடக்கின்றது. பெயர் உயிரோடிருக்கின்றது, கோயில் இருக்கின்றது, ஊர் இருக்கின்றது. கணக்கேட்டில் மட்டும் ஊர்ப்பெயருக்கு நேரே ஓரெண் இல்லை. இவ்வூருக்கென ஒரு திட்டம் தீட்ட வேண்டுமானால் முதலில் எந்தெந்த வார்டுகளில் எந்தெந்தத் தெருக்கள் இவ்வூரைச் சேர்ந்தவை என்று பிரித்தெடுத்தாக வேண்டும்.

எல்லை மாறிய வரலாறு

புதுக்கோட்டையாராகிய உங்களுக்கு எல்லை மாற்றம் புதிதன்று. 1948 மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டை அரசு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்தது. அதற்கு முன்னைய குடிமதிப்புகளில் புதுக்கோட்டை தனி அரசாக எண்ணப்பட்டது. 1951, 1961, 1971 ஆகிய மூன்று குடிமதிப்புகளில் திருச்சிராப்பள்ளிக்குள் அடங்கி எண்ணப்பட்டது. 1974 சனவரி 14ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பகுதிகளோடு தஞ்சை மாவட்டத்துப் பகுதிகளும் சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. 1981ஆம் ஆண்டிலேதான் இம்மாவட்டம் முதன்முறையாக மாவட்டமாக எண்ணப்பட்டது.

1971க்கும் 1981க்கும் இடையில் இம்மாவட்ட மக்கள் எவ்வளவு பெருகினர் என்று அறிய விரும்புவார், பழைய ஏட்டில் திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்தும் தஞ்சைப் பக்கங்களிலிருந்தும் வட்டங்களையும் ஊர்களையும் பொறுக்கியெடுத்துக் கோக்க வேண்டும். ஊர் முழுதாக இருக்கும்வரையில் அக்கோவை பிழையின்றி அமையும். ஆதலின், சிறிய அலகு சிதையாமல் நின்றால் பெரிய அலகை எத்தனை முறையும் மாற்றிக் கட்டலாம் என்பது முதற்பாடம்.

நம் பழந்தமிழாட்சியில் இவ்வறிவு இருந்தது. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என இப்பகுதி வழங்கியது. பொதுவாக ஊர் நாட்டுக்குள்ளும், நாடு வளநாட்டுக்குள்ளும், வளநாடு மண்டலத்துக்குள்ளும் அடங்கின. வளநாட்டின் பெயரும் எல்லையும் அரசர்க்கு அரசர் மாறின. ஊரும் நாடும் பெரும்பாலும் மாறாமல் நின்றன. நகருக்கு அருகே கவிநாடு என்னும் பெயர் இன்றும் நிலைத்திருப்பது அந்நிலைபேற்றிற்குச் சான்று.

பணம் பகிரும் எல்லைகள்

இனிப் பணம் எவ்வெல்லைவழி வருகின்றது என்று காண்போம்.

முதலாவது, சாலை. 2000ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் தொடங்கப்பட்ட தலைமையமைச்சரின் ஊரகச் சாலைத் திட்டத்தில் அலகு குடியிருப்பு. வருவாய் ஊரோ ஊராட்சியோ அன்று என்று விதியிலேயே தெளிவாக எழுதினர். சமவெளியில் ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் உடைய குடியிருப்புக்குச் சாலை. அன்று அடிப்படை 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பு. ஆனால் குடிமதிப்பு ஏடு வருவாய் ஊருக்குத் தொகை தருகின்றதேயன்றி, அதனுள் இருக்கும் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் தொகை தருவதில்லை. எனவே ஊர்த்தொகையைக் குடியிருப்புகட்குப் பிரித்தெழுதும் வேலை கீழ்மட்ட அலுவலகங்களின் தலையில் விழுந்தது. அரை அயிரமாத்திரி (கிலோமீட்டர்) தொலைவுக்குள் இருக்கும் குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் விதி இருந்தது. 480 என்று எழுதினால் சாலை இல்லை. பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்து 510 என்று எழுதினால் சாலை உண்டு. எழுதுகோலின் ஒரு கோட்டில் ஓர் ஊரின் வழி திறக்கும் அல்லது மூடும்.

இரண்டாவது, நம் மாநிலத் திட்டங்கள். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சியை அலகாகக் கொண்டது. ஆண்டுக்கு ஐந்திலொரு பங்கு ஊராட்சிகள் என எடுத்துக்கொண்டு, ஊராட்சி ஒன்றுக்கு இருபது இலக்கம் உருவா அளித்தனர். இரண்டே குடியிருப்புகள் உள்ள ஊராட்சிக்கும் இருபது இலக்கம். நாற்பது குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் ஊராட்சிக்கும் இருபது இலக்கம். பின்னையதில் பணம் தலைமை ஊரைத் தாண்டிப் போகுமா? 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தாய்த் திட்டம் இக்குறையைக் கண்டு அலகையே மாற்றியது. ஊராட்சியில் எத்தனை குடியிருப்புகள் உள்ளன என்று பார்த்து அதற்கேற்பப் பணம் ஒதுக்கினர். பன்னீராயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளுக்குள் 79,394 குடியிருப்புகள் இருப்பதாக அப்போது கணக்கிட்டனர். கட்சி வேற்றுமையை ஒதுக்கிவைத்து இதனை நோக்குங்கள். அதே ஊர்கள், அதே மக்கள். அலகு மாறியவுடன் பணம் போகும் வழி மாறிற்று.

மூன்றாவது, மக்களவை உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டுப் பணம். 2011-12 முதல் இது தொகுதிக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி உருவாவாக உயர்ந்தது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பட்டியலினத்தார் வாழும் பகுதிகட்கும், ஏழரை பழங்குடியினர் வாழும் பகுதிகட்கும் செலவாக வேண்டும். இங்கே புதுக்கோட்டையின் நிலை இரங்கத்தக்கது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே நீக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும், அறந்தாங்கி இராமநாதபுரத்திற்கும், விராலிமலை கரூருக்கும் போயின. நான்கு உறுப்பினரின் பணத்தில் நம் பங்கு எவ்வளவு இருத்தல் வேண்டும்? அதனைச் சொல்ல, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் எத்தனை பேர் வாழ்கின்றனர், அவருள் பட்டியலினத்தார் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். குடிமதிப்போ மாவட்டம், வட்டம், ஊர் என்று பேசுகின்றது. தொகுதி என்று பேசுவதில்லை. நற்பேறாக, தொகுதி வரையறை ஆணையில் வட்டம் பிளவுபட்ட இடங்களில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஊர் ஊராகக் கூட்டினால் தொகுதித் தொகை வந்துவிடும். பொறுமையுள்ள கல்லூரி மாணவர் நால்வர் சில கிழமைகளில் செய்து முடிக்கத்தக்க வேலை இது.

பரப்பால் பிரிப்பதா, வீட்டால் பிரிப்பதா?

ஊர் முழுதாக இல்லாமல் பிளவுபட்ட இடத்தில் என்ன செய்வது? இதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. நிலப்பரப்பின் விழுக்காட்டால் பிரிப்பது ஒன்று. வீடுகளின் எண்ணிக்கையால் பிரிப்பது மற்றொன்று. வாக்காளர் பட்டியலைக் கொண்டு பிரிப்பது இன்னொன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு வருவாய் ஊரில் 3,000 பேர்; பரப்பு 1,000 எக்டேர். அதனை இரண்டு ஊராட்சிகள் பங்கிட்டுள்ளன. வடபாதி 600 எக்டேர். அதில் ஒரு பெருங்கண்மாயும் கற்பாறைக் குன்றும் கிடக்கின்றன. குடியிருப்பு ஒன்றே, மக்கள் 500 பேர். தென்பாதி 400 எக்டேர். குடியிருப்புகள் மூன்று, மக்கள் 2,500 பேர். பரப்பால் பிரிப்பவர் வடபாதிக்கு 1,800 பேரும் தென்பாதிக்கு 1,200 பேரும் எழுதுவார். ஆளுக்கு நூறு உருவா பகிர்வதாயின், 50,000 உருவா பெற வேண்டிய வடபாதி 1,80,000 பெறும். 2,50,000 பெற வேண்டிய தென்பாதி 1,20,000 பெறும். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் தென்பாதி மக்கள் ஆண்டுதோறும் ஓரிலக்கத்து முப்பதாயிரம் உருவாவை இழக்கின்றனர். கண்மாயிலுள்ள மீனையும் குன்றிலுள்ள கல்லையும் மக்களாக எண்ணிய கணக்கு இது.

ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் இப்பிழையைச் செய்யவில்லை. முதலாம் இராசராசன் காலத்து நிலமளந்த செய்தி உங்கட்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் படியுங்கள். ஊரின் மொத்தப் பரப்பை முதலிற் சொல்லி, பின் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி கணித்தனர். விளையாத நிலத்தை விளைநிலமாக எண்ணலாகாது என்னும் தெளிவு அவர்கட்கு இருந்தது. வாழாத நிலத்தை வாழும் நிலமாக எண்ணலாகாது என்னும் தெளிவு நமக்கும் வேண்டாவா? அன்றைய வரியின் சுமையை நான் போற்றவில்லை. அவ்வளவையின் ஒழுங்கையே எடுத்துக்காட்டுகின்றேன். இக்காலப் புள்ளியியலாரும் மக்களில்லாத நீர்நிலை, காடு, மலைகளை முதலில் நீக்கிவிட்டு எஞ்சிய இடத்திற்கே தொகையைப் பங்கிடுதல் சிறந்ததென்று கூறுகின்றனர்.

வாக்காளர் பட்டியலைக் கொண்டு பிரிப்பதிலும் ஒரு குறை உண்டு. பதினெட்டு அகவை நிரம்பாதார் அதில் இல்லை. பிள்ளைகள் மிகுந்த குடியிருப்பு அக்கணக்கில் சிறுத்துப் போகும். பள்ளியும் ஊட்டச்சத்து நடுவமும் மிகுதியாக வேண்டியதும் அக்குடியிருப்பே. ஆதலின் வீட்டுக் கணக்கே மூன்றினுள் நேர்மையானது.

அமெரிக்க நாட்டிலும் இத்தொல்லை உண்டு. அங்கே குடிமதிப்பு ஏறத்தாழ நாலாயிரம் பேர் கொண்ட துண்டுகளாக வெளியிடப்படுகின்றது. பல திட்டங்களின் தரவுகளோ அஞ்சற்குறியெண் வழியாகத் திரட்டப்படுகின்றன. இரண்டின் எல்லைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அந்நாட்டு வீட்டுவசதி, நகர்வளர்ச்சித் துறை, ஓர் அஞ்சற்பகுதியின் வீட்டு முகவரிகளில் எத்தனை விழுக்காடு எத்துண்டில் விழுகின்றது என்னும் மாற்றுப் பட்டியலைக் காலாண்டுதோறும் வெளியிட்டு வருகின்றது. வீடுகட்கு ஒரு விகிதம், வணிக இடங்கட்கு ஒரு விகிதம் எனத் தனித்தனியே தருகின்றது. வீட்டுத் திட்டத்திற்கு வீட்டு விகிதம். கடைக்குரிய திட்டத்திற்குக் கடை விகிதம். முறை எதுவாயினும் அது யாவர் கண்ணுக்கும் திறந்து கிடக்கின்றது என்பதே நாம் கருதத்தக்கது. நம் அம்மன் காசின் மாற்று வீதமும் அவ்வாறுதான் இருந்தது.

சராசரிக்குள் மறையும் சேரி

பணம் குறைவதினும் கொடியது ஒன்றுண்டு. அது கண்ணிலேயே படாமற் போவது. 2009-10இல் தொடங்கப்பட்ட தலைமையமைச்சரின் முன்மாதிரிச் சிற்றூர்த் திட்டம், பட்டியலினத்தார் பாதிக்கு மேல் வாழும் ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாடும் அதன் முதற்கட்டத்தில் இருந்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஊர் என்பது இங்கும் வருவாய் ஊரே. 2,000 பேர் வாழும் ஒரு வருவாய் ஊரின் ஓரத்தில் 700 பேர் கொண்ட ஒரு சேரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சேரியைத் தனியே பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஊரோடு சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து. கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த சமுதாயம், கணக்கிலே மட்டும் ஊருக்குள் சேர்த்துக் கொள்ளப்படுகின்றது. சேர்த்ததனால் அதற்குரியதை இழக்கின்றது. வாழ்க்கையில் விலக்கு, கணக்கில் கலப்பு என்னும் இவ்விரட்டைக் கொடுமையை நாம் உணர வேண்டும். தமிழினத்தின் உயர்வு பேசுகின்றவர் முதலிற் கண் திறந்து நோக்க வேண்டிய இடம் இது.

எல்லை மட்டுமன்று, ஆண்டும்

மாற்றுக் கணக்கில் காலமும் ஓர் எல்லையே. இந்தியத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 1971இல் நூற்றுக்கு ஏழரை. 2011இல் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. குடும்பநலத்தைக் கடைப்பிடித்த மாநிலம் சுருங்கிற்று. நடுவணரசு தண்டும் வரியில் மாநிலங்களின் பங்கை வகுக்கும் நிதிக்குழுக்களுள், பதினான்காம் குழு 1971ஆம் ஆண்டுத் தொகைக்குப் பதினேழரைப் பங்கும் 2011ஆம் ஆண்டுத் தொகைக்குப் பத்துப் பங்கும் அளித்தது. பதினைந்தாம் குழு 1971ஐ விட்டுவிட்டு 2011க்கு மட்டும் பதினைந்து பங்கு அளித்தது. மக்கட் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியமைக்கெனப் பன்னிரண்டரைப் பங்கைத் தனியே வைத்தது. பதின்மூன்றாம் குழுவில் 4.969 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, பதினான்காம் குழுவில் 4.023 ஆயிற்று, பதினைந்தில் 4.079. இவ்விறக்கத்திற்குப் பல கூறுகள் கரணியமாயினும், எவ்வாண்டின் எண்ணை எடுப்பது என்பதும் ஒரு தேர்வே, ஒரு வழக்கே என்பதை மறத்தலாகாது.

இப்போது ஏன் பேசுகின்றேன்?

2021இல் நடக்க வேண்டிய குடிமதிப்பு நடக்கவில்லை. ஆகவே திட்டங்கள் பலவும் 2011ஆம் ஆண்டு எண்களையே சுமந்து வந்தன. இதற்கிடையே எல்லைகள் நின்றபாடில்லை. 2024ஆம் ஆண்டில் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியாயிற்று. சுற்றியுள்ள ஊராட்சிகள் அதனோடு இணைக்கப்பட்டன. நகரத்தின் பழைய தொகையாகிய 1,17,630 பழைய எல்லைக்கே உரியது. இணைந்த ஊராட்சிகளின் மக்களோ 2011ஆம் ஆண்டு ஏட்டில் ஊரகத்தார். ஊரகத்திற்கே உரிய வேலைத் திட்டம் முதலியன கையைவிட்டுப் போக, நகரத்துக்குரிய பணம் பழைய தொகையின்படி வருமாயின், இணைந்த ஊரார் இரு கணக்கிலும் இல்லாதவராய் இடைவெளியில் நிற்பர். இவர்களைப் புதிய எல்லைக்குள் எண் வடிவில் கொண்டு சேர்க்கும் மாற்றுப் பட்டியல் அதனாலேயே உடனடித் தேவையாகின்றது.

அடுத்த குடிமதிப்புக்கு 2027 மார்ச்சு 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு 2025 சூன் 16இல் அறிவிப்பு வந்தது. நாட்டின் ஆட்சி எல்லைகள் 2025 திசம்பர் 31ஆம் நாளோடு உறைய வேண்டும் என்றும் வரையறுத்தனர். பத்தாண்டுக்கு ஒருமுறை வர வேண்டியது பதினாறு ஆண்டுக்குப்பின் வருகின்றது. இதில் ஒரு குடியிருப்பின் பெயர் விடுபட்டால் அதன் விளைவை ஒரு தலைமுறையே சுமக்கும்.

பெயர்ச் சிதைவு

தமிழன்பர்களாகிய நமக்கு நேரே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இம்மாற்றுக் கணக்குகள் இன்று கணிப்பொறியில் நடக்கின்றன. ஒரு துறையின் பட்டியலிலுள்ள ஊர்ப்பெயரை மற்றொரு துறையின் பட்டியலிலுள்ள ஊர்ப்பெயரோடு பொருத்தித்தான் எண்களை இணைக்கின்றனர். இரண்டு பட்டியலும் ஆங்கில எழுத்தில். திருக்கோகர்ணம் என்பதை ஒருவர் ககரம் ஒற்றி எழுதுவார். ஒருவர் ஒற்றாமல் எழுதுவார். ஒருவர் 'டி' என்னும் எழுத்தோடு நிறுத்துவார். ஒருவர் அதன்பின் 'எச்' சேர்ப்பார். கணிப்பொறிக்கு இவை நான்கு ஊர்கள். பொருந்தாத ஊரின் எண் எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடும். தமிழில் எழுதினால் ஒரே பெயர், ஒரே வடிவம். தமிழில் எழுதுக என்று நாம் கேட்பது ஆரவாரத்திற்காக என்று எண்ணுவார்க்கு இதனைச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரைத் தமிழில் திருத்தமாக எழுதுவது அவ்வூர்ப் பணத்தைக் காப்பதாகும். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஒவ்வோர் ஊருக்கும் ஆறிலக்கக் குறியெண் தந்துள்ளது. தமிழ்ப்பெயரும் அக்குறியெண்ணும் அருகருகே எழுதப்பட்ட பட்டியல் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் தொங்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

நம்மால் என்ன செய்ய முடியும் என்று சோர வேண்டா. இதே மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று எழுத்தறியாதார் பெயரைக் கணக்கெடுத்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஏறினர். எண்ணுவதும் எழுதுவதும் அரசு அலுவலர்க்கு மட்டுமே உரிய கலையன்று என்று அன்றே காட்டிவிட்டீர்கள்.

ஆகவே நான்கு வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றேன். ஒன்று, ஒவ்வோர் ஊராட்சியிலும் குடியிருப்புவாரியாக வீடுகளின் எண்ணிக்கையும் மக்களின் எண்ணிக்கையும் எழுதிய ஒரு பதிவேட்டை ஊர்ப்பேரவையில், அதாவது கிராம சபையில், படித்து ஒப்புதல் பெறுங்கள். இரண்டு, எந்தத் திட்டத்திலாயினும் உங்கள் ஊராட்சிக்கு எழுதப்பட்ட மக்கள் தொகை எந்தெந்த வருவாய் ஊர்களிலிருந்து, எம்முறையில் பிரித்தெடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்துள்ளது. மூன்று, பரப்பால் பிரித்திருந்தால், வீட்டால் பிரிக்கும்படி உங்கள் பதிவேட்டைச் சான்றாகக் காட்டி வழக்காடுங்கள். நான்கு, சேரியையும் சிறு குடியிருப்பையும் தனிப்பெயரோடு, தனித்தொகையோடு எழுதச் செய்யுங்கள்.

தனியார் செய்தியை மறைவாகக் காக்க வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டம் சொல்கின்றதே என்று சிலர் தடை எழுப்பலாம். அக்காப்பு இன்றியமையாதது; அதனை ஒருநாளும் தளர்த்தலாகாது. ஆனால் ஒரு குடியிருப்பில் மொத்தம் இத்தனை பேர் என்று சொல்வது எவருடைய வீட்டுக் கதவையும் திறப்பதாகாது. மாற்று முறையை வெளியிடுவது எவருடைய மறைவையும் கெடுப்பதாகாது.

அன்பர்களே, அலுவலகத்தார் அனைவரையும் நான் குற்றஞ் சாட்டவில்லை. அரை நாளில் ஐந்நூறு ஊருக்குக் கணக்கு அனுப்பும்படி மேலிருந்து ஆணை வந்தால், கையிலிருக்கும் பரப்பளவைக் கொண்டு பெருக்கி அனுப்புவதைத் தவிர அவர் என்ன செய்வார்? ஊரார் வீட்டுக் கணக்கை ஆயத்தமாக வைத்திருந்தால் அவரும் அதனையே எடுத்தாள்வார். கேட்பாரற்ற இடத்தில் எளிய முறை ஆளுகின்றது. கேட்பார் உள்ள இடத்தில் சரியான முறை ஆளும்.

வரைபடத்தில் கோடு போடுகின்றவர் நம் ஊரைப் பார்த்ததில்லை. கண்மாய் எது, குடியிருப்பு எது என்று அறிந்தவர் நாம். அறிந்ததை எழுதி வையுங்கள். எழுதியதைக் காட்டிக் கேளுங்கள். வரும் ஊர்ப்பேரவைக்கு உங்கள் குடியிருப்பின் பதிவேட்டோடு செல்லுங்கள்.